கோப்பையின் உச்சியில் யார்?

கோப்பை விற்கும் கடைக்குத் தோற்றவர் எவரும் வருவதில்லை. வென்றவர்களும் வெல்லப்போகிறவர்களும் அவர்களுக்காக வாதாடுகிறவர்களும் மட்டுமே வருகிறார்கள். தென்காசிப் பேருந்து நிலையத்துக்கு அருகில் கோப்பையும் கேடயமும் பதக்கமும் விற்றுப் பிழைக்கும் எனக்கு, இதனால் அமைதி என்பது மழைநாளில் மட்டுமே வாய்க்கிறது. கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்து பிறருடைய வாதங்களைக் காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களே, நீங்கள் எந்தத் தொழில் செய்தாலும் என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

என் கடையில் ஓயாமல் நடக்கும் வழக்கு ஒன்றுதான். எல்லா விளையாட்டுகளையும் எல்லாக் காலங்களையும் சேர்த்துப் பார்த்தால், தலைசிறந்த வீரர் யார்? எவருடைய பெயரையும் இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப்பேர் இந்தப் பக்கத்தோடு என்னை விட்டு விலகிவிடுவீர்கள்.

ஒரே திருகு

எங்கள் தொழிலின் இரகசியம் ஒன்றைச் சொல்லுகிறேன். கோப்பையின் உடல் எல்லா விளையாட்டுக்கும் ஒன்றேதான். உச்சியில் நிற்கும் பொம்மையைத் திருகிக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால், கிரிக்கெட் கோப்பை கால்பந்துக் கோப்பையாகிவிடும். கபடிப் பொம்மை கிடைக்காத நாட்களில் மல்யுத்தப் பொம்மையை வைத்துக் கொடுத்திருக்கிறோம்; இதுவரை ஒரு கபடி வீரரும் கோபித்துக்கொண்டதில்லை. பெருமைகள் பலவாகத் தோன்றினாலும் அவற்றைத் தாங்கும் பாத்திரம் ஒன்றே என்பதை இந்தச் சிறு திருகாணி எனக்கு நாள்தோறும் உணர்த்துகிறது.

ஒரு மாலை, கல்லூரி மாணவர்கள் நால்வர் வந்து பொம்மைகளைப் பார்த்த மாத்திரத்தில் வழக்கைத் தொடங்கினார்கள். மின்னலைப்போல் ஓடியவர் ஒருவருடைய கட்சி. கழுத்தில் பதக்கம் தாங்காமல் குனிந்து நின்ற நீச்சல்காரர் இன்னொருவருடைய கட்சி. மூன்றாமவர் குத்துச்சண்டை வீரருக்காகத் தம் கையையே உயர்த்திக் காட்டினார். பிள்ளை பெற்ற பின்னும் களத்துக்குத் திரும்பி வென்ற டென்னிஸ் வீராங்கனையை நான்காமவர் சொன்னதும், மற்ற மூவரும் ஒருகணம் அடங்கி, மறுகணம் இரட்டிப்பாக எழுந்தார்கள். தம் தெருச் சங்கத்துக்குக் கேரம் போட்டிப் பரிசு வாங்க வந்திருந்த பெரியவர் ஒருவர், அத்தனையையும் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்: "எல்லாரையும் சொல்லுதானுவ. கேரம் ஆடுதவன் பேரை ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கானே அண்ணாச்சி?"

தீப்பந்தம் வேண்டாம்

இத்தகைய வாதம் உலகத்தைப் பற்றியதாக இருக்கும்வரை தீங்கில்லை. அது ஊருக்குள் இறங்கும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். இலஞ்சிப் பக்கத்து விளையாட்டுக் கழகம் ஒன்றின் செயலாளர் சண்முகையா சென்ற சாரல் பருவத்தில் கடைக்கு வந்தார். தேநீர்க் கடையில் உலக வீரர்களைப் பற்றித் தொடங்கிய பேச்சு, 'நம் கழகத்தில் யார்?' என்று திரும்பிவிட்டதாம். ஆண்டுவிழாவில் அதற்கென ஒரு கோப்பை கொடுப்பதாகச் செயற்குழுவும் தீர்மானித்துவிட்டதாம். கபடிக்காரர்கள் பேச்சிமுத்துவின் பெயரைச் சொன்னார்கள். அவர் இப்போது காவல்துறையில் இருக்கிறார். கைப்பந்துக்காரர்கள் காஜாவின் பெயரைச் சொன்னார்கள். அவர் சவூதியில் மின்பணி செய்கிறார். மகளின் திருமணத்துக்காக விடுப்பில் வந்திருக்கிறார். இருவரும் சிறுவயது முதல் நண்பர்கள்.

அந்தக் கழகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் வீட்டில் எந்த விசேஷமானாலும் பந்தி பரிமாறுவது கழகத்தார்தான். கூலிக்கு ஆள் வைப்பதே இல்லை. இப்போது வாதம் முற்றியதில், காஜா வீட்டுத் திருமணத்தில் வாளி தூக்க மாட்டோம் என்று கபடி அணியினர் அறிவித்துவிட்டார்கள். திருமணமோ வருகிற ஞாயிற்றுக்கிழமை. சண்முகையா தலையில் கைவைத்து அமர்ந்திருந்தார். பெயரைப் பிறகு பொறித்துக்கொள்ளலாம் என்று நான் ஆறுதல் சொல்லி, எல்லா விளையாட்டுக்கும் பொதுவான, தீப்பந்தம் ஏந்திய பொம்மையை எடுத்துக் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். "இது வேண்டாம் அண்ணாச்சி. அங்கன ஏற்கெனவே பத்திக்கிட்டு எரியுது. நீங்க வேற பந்தத்தைக் கையில குடுக்கீயளே!"

சந்தையின் அளவுகள்

மறுநாள் இரு தரப்பின் பிரதிநிதிகளும் பொம்மையைத் தேர்ந்தெடுக்க ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். கபடிக்காக அன்சாரி; கைப்பந்துக்காகக் கணேசன். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல், இருவரும் என் முகத்தையே பார்த்துப் பேசினார்கள். அவர்களுக்கு நல்லறிவு புகட்டும் கடமை எனக்கு இருப்பதாக உணர்ந்தேன்.

"தம்பிகளே, பாவூர்சத்திரம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள்" என்றேன். "கத்தரிக்காயை நிறுத்து விற்கிறார்கள். தேங்காயை எண்ணி விற்கிறார்கள். பூவை முழம்போட்டு விற்கிறார்கள். கீரையைக் கட்டாக விற்கிறார்கள். பூவைத் தராசில் வைத்து, கத்தரிக்காயைவிடக் குறைவு என்று எவராவது இகழ்வதுண்டா? ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவு. ஓடுகிறவனை நொடியால் அளக்கிறோம். தாண்டுகிறவனை அடியால் அளக்கிறோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் புகுகிறவனை அளக்க எந்தக் கோலும் இல்லை. அளவுகோல் வேறுபடும் இடத்தில் ஒப்பீடு செய்வது அறிவுடைமை ஆகாது. அந்த ஒப்பீட்டுக்காக ஓர் இல்லத்தின் நற்காரியத்தைக் கைவிடுவது மனிதத் தன்மையும் ஆகாது."

இருவரும் மிகுந்த மரியாதையோடு கேட்டார்கள். அன்சாரியின் கண்கள் கலங்கியதுபோலவும் எனக்குத் தோன்றியது. "அருமையாச் சொன்னீய அண்ணாச்சி" என்றார் அவர். "பூ வாடிரும், கீரை அழுகிரும், தேங்காதான் நின்னு நிக்கும். அதாம் கபடி." கணேசன் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினார். "ஏலே, தேங்கா எங்கன கிடந்து வருது? உசரத்துல கிடந்துல்லா வருது! உசரம்னா வாலிபால்தாம்லே."

அழைப்பிதழ்

உபதேசம் பயனற்றுப் போனதே என்று நான் வருந்திக்கொண்டிருந்த வேளையில், காஜாவே கடைக்கு வந்தார். எனக்கும் ஓர் அழைப்பிதழ் கொண்டுவந்திருந்தார். உயர்ந்த தோற்றம், ஆனால் தோள்கள் தொங்கியிருந்தன. கழகத்துக்கென நான் கண்ணாடிப் பேழைக்குள் எடுத்துவைத்திருந்த பெரிய கோப்பையைச் சுட்டி, "இதான் அதுவா?" என்று கேட்டார். ஆம் என்றேன். அதற்குமேல் அதைப் பார்க்கவில்லை.

"பேச்சி வீட்டுக்கு ரெண்டு மட்டம் போனேன் அண்ணாச்சி. குத்தாலத்துல சீசன் டூட்டின்னு ஆளையே பிடிக்க முடியலை. அவன் வீட்டுக்காரிட்ட பத்திரிகையைக் குடுத்துட்டு வந்தேன். அதுவே அவனுக்குக் குறையாப் போச்சோ என்னமோ. போனை எடுக்க மாட்டேங்கான்" என்றார். புளியறையில் ஒரு சமையல்காரர் பரிமாறவும் ஆட்கள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாராம். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வெளியாட்கள் பரிமாறினால் சோறு குறையவா போகிறது என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பாலைவனத்து வெயிலில் நின்று வேலை செய்து பழகியவர், மின்விசிறிக்குக் கீழே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சோறு குறையாது அண்ணாச்சி. ஆனா எம் மவ நிக்காஹ்ல எவனோ ஒருத்தன் வாளியோட நின்னா, எனக்கு இந்த ஊர்ல ஆளே இல்லைன்னுல்லா அர்த்தம்?"

அருவியில் ஒரு விசில்

மறுநாள் காலையில் நான் குற்றாலத்துக்குப் புறப்பட்டேன். குளிப்பது ஒரு காரணம். பேரருவியில் பேச்சிமுத்து பணியில் இருந்தது மற்றொரு காரணம். சாரல் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மதுரைக்காரர் ஒருவரும் கேரளத்து இளைஞர் ஒருவரும், கால்பந்தாட்டக்காரர் பெரியவரா, மட்டைவீரர் பெரியவரா என்று தொண்டை வறள வாதாடிக்கொண்டே நகர்ந்தார்கள். அருவிக்குள் நுழைந்ததும் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. இருவரும் பேச்சை நிறுத்தவில்லை, உதடுகள் அசைந்தன, ஆனால் நீரின் ஓசையில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. ஆகவே ஒருவரை ஒருவர் பார்த்து மகிழ்ச்சியோடு தலையசைத்துக்கொண்டார்கள். மனிதர்கள் ஒற்றுமையாக வாழ்வதற்கு இயற்கை செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளில் ஒன்றை அன்று நேரில் கண்டேன்.

விசில் ஊதி அவர்களை வெளியேற்றியவர் பேச்சிமுத்துதான். நான் துவட்டிக்கொண்டே அவரிடம் சென்றேன். "அண்ணாச்சி, கோப்பை விஷயமா இருந்தா எங்கிட்டப் பேசாதீய. எம் பேரைப் போடச் சொல்லி நான் யார்ட்டயும் கேக்கலை" என்றார் அவர், கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே. கோப்பைக்காக வரவில்லை என்றேன். காஜா இருமுறை அவர் வீடு தேடிச் சென்றதையும், இப்போது புளியறைச் சமையல்காரர் பரிமாறவும் ஆள் அனுப்பவிருப்பதையும் சொன்னேன். அவருக்கு அறிவுரையாகச் சொல்லச் சில வாக்கியங்களையும் வழியெல்லாம் அமைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவற்றுக்கு இடமே இல்லாமல் போயிற்று. பேச்சிமுத்துவின் முகம் சிவந்தது. விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது. அருவிக்குள் நின்றவர்கள் தங்களுக்குக் கிடைத்த கூடுதல் நேரத்தை ஆனந்தமாக அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். "புளியறைக்காரனா? என்னைக் கேக்காம அவன் எப்படி வெளியாளைக் கூப்பிடலாம்?"

ஞாயிற்றுக்கிழமைப் பந்தி

ஞாயிற்றுக்கிழமை நான் மண்டபத்துக்குச் சென்றபோது கபடி அணியினர் எதிர்த் தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். வருவதா வேண்டாமா என்று அவர்களால் முடிவு செய்ய இயலவில்லை. காஜாவின் உறவினர் என்ற முறையில் உள்ளே வந்திருந்த அன்சாரி மட்டும், விருந்தாளியாக உட்காரவும் முடியாமல் வேலை செய்யவும் முடியாமல் தூண் ஓரமாக நின்றார். நிக்காஹ் முடிந்தது. இலைகள் விரிந்தன. நெய்ச்சோற்றின் மணம் வந்துவிட்டது, சோறு வரவில்லை. பரிமாறக் கணேசனும் கைப்பந்து அணியில் சிலருமே இருந்தார்கள். காஜா வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். புளியறைக்காரருக்கு அவர் கடைசிவரை சம்மதம் சொல்லவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அந்த நேரத்தில் பேச்சிமுத்து இருசக்கர வண்டியில் வந்து இறங்கினார். பணியிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். காக்கிக் கால்சட்டை இன்னும் ஈரமாக இருந்தது. காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துக் காஜாவின் கையில் கொடுத்தார். ஒரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தால்சாக் குழம்பு வாளியைத் தூக்கினார். "என்னலே மாப்ள, பராக்குப் பாத்துட்டு நிக்கே? அடுத்த வாளியை எடு" என்று மட்டும் சொன்னார். காஜா சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மகளின் தந்தை பரிமாறக் கூடாது என்று யாரோ தடுத்ததையும் கேளாமல், சோற்றுத் தட்டை எடுத்தார். தேநீர்க் கடையில் நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாலையைக் கடந்து வந்தார்கள். அன்சாரி தூணை விட்டு விலகினார். எனக்கு எதிரில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், இலையில் தால்சா விழுந்ததும் உரக்கக் கூவினார்: "ஏலே, கபடிக்காரன் கையில வாளியைக் குடுக்காதீங்கலே, தொட்டுட்டு ஓடிருவான்! வாலிபால்காரன்ட்ட குடுங்க, அவந்தாம் கீழ விடமாட்டான்!"

இந்த ஆண்டுக் கோப்பை

விழாவுக்கு முன்பு சண்முகையா மீண்டும் வந்தார். கூடவே அன்சாரியும் கணேசனும் வந்தார்கள். மூவரும் ஒரே பலகையில் அமர்ந்து, யார் தலைசிறந்தவர் என்று முன்னைவிட உரத்த குரலில் வாதாடினார்கள். பேச்சிமுத்துவின் வாளி வேகமும் காஜாவின் கை நிதானமும் இப்போது புதிய சான்றுகளாகச் சேர்ந்திருந்தன. நான் என் சந்தை உவமையை மறுபடியும் தொடங்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தேங்காயை எண்ணி அச்சம் கொண்டு அடங்கிவிட்டேன். நல்லுரையால் ஆகாத காரியத்தை ஒரு வாளி செய்து முடித்ததைக் கண்ட பின், நாவை அடக்குவதும் ஓர் அறமே என்று கற்றிருந்தேன். பெயர்த்தகட்டில் என்ன பொறிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். சண்முகையா இருவரையும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கிளப் பேரை மட்டும் போடுங்க அண்ணாச்சி. ஆள் பேரை அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம். இந்த வருஷம் சண்டை நல்லா போயிட்டிருக்கு."

தலைசிறந்த வீரர் யார் என்பதற்கு விடை தெரியாமல் போனதால் இதுவரை எந்த ஊருக்கும் கேடு விளைந்ததில்லை. விடை தெரிந்துவிட்டது என்று உறுதியாக நம்பிய இடங்களில்தான் பந்தி பரிமாற ஆள் குறைகிறது.