அரங்கில் எனக்கு மட்டும் தெரியாதது

தெலுங்கு பேசும் ஊரில், காஞ்சன்பாக் பக்கம் எங்கள் குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருடா வருடம் நாடகம் போடுவோம். எழுதி, நடித்து, மற்றவர்களையும் ஆட்டிவைப்பது நான்தான். அதற்கு இப்போது பெரிய கும்பிடு போட்டுவிட்டேன். கேட்பவர்களிடம் முட்டி வலி என்கிறேன். முட்டியும் இல்லை, மண்ணும் இல்லை. வயிற்றெரிச்சல்.

கடைசி நாடகத்தின் கதை இது. தொழிற்சாலை விபத்தில் கணவன் இறந்துவிடுகிறான். பார்ப்பவர்களுக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். மனைவிக்கு மட்டும் தெரியாது. கல்யாண நாள் என்று பாயசம் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். கடைசியில் சொன்னால்தானே ஷாக் என்று ஒத்திகையில் கேட்டார்கள்.

"அந்த ஷாக் ஒரு நிமிஷத்துல போயிடும். முன்னாடியே சொல்லிட்டா, அவ சிரிக்கச் சிரிக்க ஜனங்களுக்கு வயித்துல புளியக் கரைக்கும். யாராவது சொல்லித் தொலைங்களேன்டான்னு தவிப்பாங்க" என்றேன். பெரிய மேதாவி மாதிரி!

மேடையேறுமுன் நடிகர்களின் போன்களை ஒரு பையில் போட்டு என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அதுவும் நான் வைத்த சட்டம்தான். அப்பா அப்போது திருச்சியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். தேறி வருகிறார் என்றுதான் காலையில் தம்பி சொல்லியிருந்தான்.

முதல் காட்சி நடக்கும்போது அவன் என் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறான். டாக்டர் கைவிரித்துவிட்டார், அப்பா என்னோடு பேச வேண்டும் என்கிறார். போனை எடுத்த இவர் எங்கள் சங்கச் செயலாளரிடம் ஓடினார். "சீஃப் கெஸ்ட் உக்காந்திருக்கார் சார். பாதியில நிறுத்தினா சங்கடம். கொஞ்ச நேரம்தானே" என்றாராம் அவர். சங்கடமாம்! யாருக்கு? இவரும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டிவிட்டு, முடிந்ததும் பேசுவாள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டார்.

விஷயம் வரிசை வரிசையாகப் பரவியது. "ஆன்ட்டிக்குத் தெரியாதா?" என்று தெலுங்கில் கேட்ட சிறுமியின் வாயை அவள் அம்மா பொத்தினாளாம்.

மேடையில் நான் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தேன். கீழே பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அடி சக்கை, என் எழுத்து வேலை செய்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் சிரித்தேன். எழுதாத ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தேன்.

காட்சி மாறும்போது மேடையோரம் வந்தேன். இவர் தண்ணீர் கொடுத்தார்.

"பாத்தீங்களா, கூட்டம் எப்படி அழுவுதுன்னு?"

"ம்... நல்லா பண்ற."

போன் பை அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்புறம்தான் போனைக் கையில் கொடுத்தார். அதற்குள் அப்பா போய்விட்டார்.

"உன் நாடகம் கெட்டுடக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தார். கத்தினேன். நாடகத்தில் அவளிடம் எப்போது சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது, அவன் செத்துவிட்டான். என் அப்பா உயிரோடு இருந்தார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, ஒருத்தருக்காவது எழுந்து வந்து சொல்ல வாயில்லையா? இன்றுவரை அந்தக் கைதட்டலை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பி சொன்னான்: "நாடகம் முடிஞ்சதும் நீ பேசுவேன்னு அப்பாகிட்ட சொன்னேன்க்கா. உடனே ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழட்டச் சொல்லிட்டாரு. நீ கூப்பிடறப்ப அவர் குரல் உனக்குத் தெளிவா கேக்கணுமாம். கடைசிவரைக்கும் திரும்ப மாட்டவே விடல."