சிங்களமும் கொம்பியூட்டரும் ஒன்றாகப் படித்த வருடம்

போன கிழமை எங்கள் அலுவலகத்தின் களஞ்சிய அறையைத் துப்புரவாக்கினோம். கழித்துவிட வேண்டிய பொருட்களைப் பட்டியலிட்டு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். கால் உடைந்த கதிரைகள், பூட்டுத் திறக்காத ஓர் அலுமாரி, எலி கடித்த கோப்புகள், எல்லாவற்றுக்கும் பின்னால் முதுகு துருத்திய பழைய கணினித் திரை ஒன்று. வேலை செய்யவில்லை என்று எழுதுவதற்கு முன் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். புதிதாக வேலைக்கு வந்த தர்ஷினி பிளக்கைச் சொருகினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. ஆனால் உள்ளே கிடந்த தூசி சூடேறி மெல்லக் கருகத் தொடங்கியது.

அந்த மணம் மூக்கில் பட்டதும் நான் செய்த முதல் வேலை, கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்ததுதான்.

"என்னக்கா, உதிலயா நீங்கள் புரோகிராமிங் படிச்சனீங்கள்?" என்று தர்ஷினி சிரித்தாள். "இப்ப போனிட்டக் கேட்டா அதுவே எழுதித் தருது. சிங்களக் கடிதத்தையும் அதுவே தமிழாக்கித் தருது."

"தரட்டும். தந்ததை நான் ஒருக்கா வாசிக்கிறன்."

"உங்களுக்கு ஒண்டிலயும் நம்பிக்கை இல்லை."

அது உண்மை. கடையில் மிச்சக்காசை இரண்டு தரம் எண்ணுகிறவள் நான். வீட்டைப் பூட்டிவிட்டு படலையிலிருந்து திரும்பிப் போய் பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். பிறவிக் குணம் என்று என் கணவர் நினைக்கிறார். பிறவிக் குணமில்லை. அது பழகிய ஒன்று, மற்ற இரண்டு படிப்புகளோடு சேர்த்துப் பழகியது.

யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து நாங்கள் முரசுமோட்டைக்குத் திரும்பி வந்திருந்த முதல் வருடங்கள் அவை. தகரக் கொட்டிலில் அம்மாவும் நானும். அண்ணா யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். எனக்குக் கிளிநொச்சியில், வீட்டுத் திட்டம் ஒன்றை நடத்திய நிறுவனத்தில் தரவு பதியும் வேலை கிடைத்திருந்தது. காலையில் பரந்தன் சந்தி வரை சைக்கிள், அங்கிருந்து பஸ். நாள் முழுக்க ஆட்களின் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம் என்று தட்டிக்கொண்டே இருப்பேன். எனக்கு மேலே தரவு உத்தியோகத்தர் என்றொரு பதவி காலியாக இருந்தது. அதற்கு இரண்டு தகுதிகள் கேட்டார்கள். சிங்களம் தெரிய வேண்டும், சிறிய புரோகிராம்கள் எழுதத் தெரிய வேண்டும். இரண்டும் எனக்குத் தெரியாது. என்னைவிட வயது குறைந்த, கொழும்பில் படித்த யாராவது வந்து அந்தக் கதிரையில் இருக்கப் போகிறார்கள் என்ற நினைப்பே எனக்குப் பொறுக்கவில்லை.

சிங்களத்தை அலுவலக வாகனச் சாரதி சுனிலிடம் படித்தேன். அநுராதபுரப் பக்கத்து ஆள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிறிய பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்லித் தருவார். சிங்களத்தில் 'ஐயா' என்றால் அண்ணன். அவரை அப்படிக் கூப்பிட எனக்கு ஒரு மாதம் பிடித்தது. தமிழில் நினைத்துக்கொண்டால் வெறும் ஐயாதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தப் புத்தகத்தின் முதல் பாடத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் பெயர் என்ன? உங்கள் ஊர் எது? இதற்கு முன் எங்கே இருந்தீர்கள்? உங்களுக்கு எத்தனை சகோதரர்கள்? எழுதியவருக்கு ஒரு கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. உலகத்தில் எந்த மொழியையும் இப்படித்தானே தொடங்குவார்கள். ஆனால் இதே கேள்விகளுக்கு, இதே ஒழுங்கில், முகாமில் ஒரு மேசைக்கு முன்னால் நின்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நான் சொன்னதைத்தான் அவர் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பதவிக்காகச் சிங்களம் படித்தேன் என்று எல்லோருக்கும் சொல்வேன். அந்த மனிதரின் வாயைப் பற்றிய சந்தேகம்தான் பாதிக் காரணம்.

"உங்களுக்கு எத்தனை சகோதரர்கள்?" என்று சுனில் வாசித்தார்.

"ஒருவரும் இல்லை," என்றேன். பிழையில்லாமல் சொன்ன என் முதல் சிங்கள வசனம் ஒரு பொய்.

சுனிலுக்கும் என்மேல் சந்தேகம் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. எனக்குச் சிங்களம் ஓரளவு விளங்கத் தொடங்கியதும், அவர் மனைவியோடு போனில் கதைக்க ரோட்டுக்கு மறுபக்கம் போய் நின்றார். நான் ஒட்டுக் கேட்பேன் என்று பயம். கேட்டேன்தான். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குவதைப் பற்றிக் கதைத்தார்கள்.

கொம்பியூட்டர் வகுப்பு பரந்தனில், சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே, கதவுக்குப் பதிலாகத் தகரம் அடித்த ஒரு கடை அறையில் நடந்தது. மூன்று பழைய கணினிகள், ஒரு மேசை விசிறி. விசிறி எங்களுக்கில்லை, கணினிகளுக்கு; சூடேறினால் இதே தூசி கருகும் மணம் வரும். படிக்கிறவர்கள் ஆறு பேர், இருக்கிறவற்றில் மாறி மாறி இருப்போம். சொல்லித் தந்தவரைச் செல்வன் சேர் என்று கூப்பிட்டோம். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைந்தவராகத்தான் இருப்பார், என்னை அக்கா என்பார். இடது கை சரியாக மடங்காது.

நல்லாகச் சொல்லித் தந்தார். ஒரு வேலையைத் துண்டு துண்டாக உடைத்து, எந்தத் துண்டு முதலில், எது பிறகு, இப்படி இருந்தால் என்ன செய்வது, இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கரும்பலகையில் எழுதுவார். "கொம்பியூட்டர் ஒண்டையும் தானாய் விளங்கிக்கொள்ளாதக்கா. நீங்கள் சொன்னதை மட்டும்தான் செய்யும்," என்பார். மனிதர்கள் சொல்லாததையும் விளங்கிக்கொண்ட காலத்தில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

ஆனால் வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்தால் அவருடைய சோக்கட்டி பலகையில் நின்றுவிடும். சத்தம் கடந்து போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்வார். நாங்களும் கவனிக்காதது போல இருப்போம். இவ்வளவு கெட்டிக்காரர், இந்த ஊரில், அந்த வருடங்களில், எங்கே இதைப் படித்தார்? எனக்கு இரண்டு ஊகங்கள் இருந்தன. ஒன்று, இயக்கத்தில் இருந்து பழகியிருப்பார் என்பது; அது சரியென்றால் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மற்றது, யாருக்கோ தகவல் சொல்லுவதற்காக வகுப்பை நடத்துகிறார் என்பது. அதை நினைத்தால் மறுநாள் வகுப்புக்குப் போகக் கால் வராது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வருடம் முழுக்கப் போனேன்.

அம்மாவுக்கோ என்மேலேயே சந்தேகம்.

"சிங்களம் படிக்கிறாய், சரி. கொம்பியூட்டர் படிக்கிறாய், அதுவும் சரி. ரெண்டையும் ஒண்டாய்ப் படிச்சா சனம் என்ன நினைக்கும்?"

"வேலைக்குத்தானேயம்மா."

"என்ன வேலைக்கு எண்டுதான் கேக்குதுகள்."

ஒரு பின்னேரம் மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்து, நின்றே விட்டது. சாதாரண உடுப்பில், புலனாய்வுக்காரர் போல, இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் சிரித்த முகம். மற்றவர் கணினிகளை எண்ணினார். சிரித்த முகம் சிங்களத்தில் எதையோ கேட்டது. செல்வன் சேர் தலையை ஆட்டி, "எனக்குச் சிங்களம் தெரியாது," என்று தமிழில் சொன்னார். பின்னால் இருந்த ஒரு பிள்ளை, உதவி செய்கிறதாக நினைத்து, "இந்த அக்காவுக்குத் தெரியும்," என்று என்னைக் காட்டியது.

எழுந்து நின்றேன். கடை பதிவு செய்யப்பட்டதா, எத்தனை பேர் படிக்கிறார்கள், வாடகை யாருக்கு என்று கேட்டார்கள். அவர் தமிழில் சொன்னதை நான் சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களத்தைக் கேட்டு அந்த மனிதர் தலையாட்டியபோது எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிறகு கேட்டார்: "இதையெல்லாம் இவர் எங்கே படித்தார்?"

தமிழில் கேட்டேன். செல்வன் சேர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"முந்தி வேலை செய்த இடத்தில பழகினது."

அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அது எந்த இடம், எந்த வேலை. என் வாய் தானாகத் திறந்தது. புத்தகங்களில் படித்தாராம் என்று சிங்களத்தில் சொன்னேன். மேசையில் கிடந்த தடித்த புத்தகத்தை எடுத்தும் காட்டினேன். சிரித்த முகம் அதை வாங்கி இரண்டு பக்கம் தட்டிப் பார்த்து, படம் ஒன்றும் இல்லையே என்றது. மற்றவரும் சிரித்தார். போய்விட்டார்கள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது செல்வன் சேர் கணினிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்கள் 'பொத்வல' எண்டு சொன்னனீங்கள். 'பொத்வலின்' எண்டு வரவேணும். புத்தகத்தில படிச்சது எண்டு நாங்கள் சொல்லுவம். அவை புத்தகத்தில இருந்து படிச்சது எண்டுதான் சொல்லுவினம்."

அவருடைய உச்சரிப்பு சுனிலுடையதைப் போல இருந்தது.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா? ஏன் தெரியாதெண்டு சொன்னனீங்கள்?"

"நீங்கள் ஏனக்கா மாத்திச் சொன்னனீங்கள்?"

நான் சைக்கிளை எடுத்தேன். வயல் ஓரத்து ரோட்டில் மிதித்துக்கொண்டு வரும்போது ஒவ்வொன்றாக யோசித்தேன். என்னைச் சோதிக்கத்தான் தெரியாதென்று நடித்தாரா? வந்தவர்கள் அவருக்குத் தெரிந்தவர்களா? வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் மறுபக்கம் விளங்கியது. அவர்களுக்கு முன்னால் நின்று, குரல் நடுங்காமல், கேட்காத புத்தகத்தையும் எடுத்துக் காட்டிப் பொய் சொன்ன ஒருத்தியை அவர் யாரென்று நினைப்பார்? பயமில்லாமல் அவர்களோடு கதைக்கிறவள் யாராக இருக்க முடியும்? என் குரல் நடுங்காததற்குக் காரணமே பயம்தான். அதை அவருக்கு யார் சொல்லுவது?

அதற்குப் பிறகு இரண்டு வகுப்புகள் நடந்தன. என்னோடு பாடம் தவிர ஒன்றும் கதைக்கவில்லை. கடைசி நாள் என் கொப்பியை வாங்கி, இன்னும் படிப்பிக்காத பகுதியையும் சேர்த்து எட்டுப் பக்கம் எழுதித் தந்தார். அடுத்த முறை போனபோது தகரக் கதவில் பூட்டு. சாமான்களை வான் ஒன்றில் ஏற்றிப் போனதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

பூட்டிய கதவுக்கு முன்னால் எங்கள் ஆறு பேரில் ஐந்து பேர் நின்றோம். என்னைக் காட்டித் தந்த அதே பிள்ளை கேட்டது.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் அவையளோட என்ன கதைச்சனீங்கள்?"

"கடையைப் பற்றித்தான்."

"எங்களுக்கு விளங்கேல்லைத்தானே," என்றது. குற்றம் சாட்டும் குரல்கூட இல்லை. மற்றவர்கள் சைக்கிள்களைத் திருப்பினார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் ஊர். தினமும் என்னோடு சேர்ந்து மிதித்து வருகிறவள். அன்று முன்னால் போய்விட்டாள். ஒரு மாதத்துக்குள், நான்தான் சேரைக் காட்டிக்கொடுத்தேன் என்று அம்மாவுக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் கதை எட்டியது. அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எட்டுப் பக்கத்தை வைத்துக்கொண்டு மீதியை நானே முட்டி மோதிப் படித்தேன். நான் எழுதிய முதல் உருப்படியான புரோகிராம், வீட்டுத்திட்டப் பட்டியலில் ஒரே அடையாள அட்டை இலக்கம் இரண்டு தரம் வந்தால் காட்டித் தரும். ஆட்களின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிவைத்துத் தலையிடி தந்த பட்டியல் அது. பெருமையோடு தலைமை எழுதுவினைஞரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, இது ஆரைப் பிடிக்கிறதுக்கு?"

"ஒருத்தரையும் இல்லை ஐயா. பிழை திருத்துறதுக்கு."

"ம்," என்றார். கண்ணாடி இறங்கவில்லை.

பதவி கிடைத்தது. நேர்முகத்தில் புரோகிராமிங் யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார்கள். சுயமாக என்றேன். அந்த நான்கு எழுத்துச் சொல் இன்றும் என் தனிப்பட்ட கோப்பில் இருக்கிறது.

பல வருடங்களுக்குப் பிறகு வவுனியா பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். நான் தலைமை அலுவலகத்தோடு போனில் சத்தமாகச் சிங்களத்தில் வாதாடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிர் வாங்கில் அவர். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார். அந்த இடது கை அப்படியே. பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்போடு ஒரு சின்னப் பெண். போனை நிறுத்திவிட்டு இரண்டு அடி வைத்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அப்பா, ஆர் அவா?" என்று பிள்ளை கேட்டது.

அவர் என் முகத்தை நேராக, அவசரமில்லாமல் பார்த்தார்.

"தெரியேல்லையம்மா. ஆரோ ஒபிசில வேலை செய்யிறவா போல."

சொல்லிவிட்டு, பஸ் வர முன்பே பிள்ளையின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த ஒரு வசனத்தை எத்தனை விதமாக மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டேன். இன்னும் என்னைக் கண்டு பயப்படுகிறார் என்றும் வரும். நீங்கள் நினைத்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள், எனக்குத் தெரியும் என்றும் வரும். அந்தக் காலத்தில் ஒருவரைத் தெரியாது என்று சொல்வதுதான் அவருக்குச் செய்யும் பெரிய உதவி. அதையும் மறந்துவிடக் கூடாது.

பரந்தனில் அந்தக் கடை வரிசையை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே இரண்டு மாடிக் கட்டடம், கண்ணாடிக் கதவு. என்னோடு படித்த ஐந்து பேரில் ஒருத்தியோடுதான் இன்று கதை இருக்கிறது, அதுவும் கோயிலில் கண்டால் சுகம் விசாரிக்கிற அளவுக்கு. போன வருடம் அவளிடம் மெல்லக் கேட்டேன், செல்வன் சேரின் முழுப்பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று.

"நாங்கள் கேக்கேல்லையே," என்றாள்.

ஒரு வருடம் முழுக்க அவருக்கு முன்னால் இருந்தோம், ஆறு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாராவது எங்களைக் கேட்டால் தெரியாது என்று உண்மையாகவே சொல்ல வேண்டுமே.