ராத்தாவின் கைக்கதையும் பைபர் லைனும்

என் ராத்தாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. எங்கள் பக்கத்தில் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டில் நாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட கைக்கதைதான் அவளுடைய மொழி. தாடியை வருடுவதுபோல் காட்டினால் எங்கள் வாப்பா, புருவத்தைத் தேய்த்தால் அவளுடைய ஒரே மகன். அவனுக்கு அங்கே ஒரு தழும்பு. வாய்ப்பேச்சு வருமுன்னரே கைக்கதை பழகியவன் அவன். மச்சான் மவுத்தாகி ராத்தா விதவையான பிறகு, அலுமினியக் கதவு செய்யும் வேலைக்குக் கட்டாருக்குப் போனான்.

இலங்கையின் கற்பிட்டிக்கு எதிரே, களப்பு என்னும் கடற்கழிக்குள் கிடக்கும் எங்கள் தீவில் போன் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். வீடியோவில் அவன் முகம் கட்டங்கட்டமாக உடையும். கேள்வி கேட்டுவிட்டு ராத்தா காத்திருப்பாள்; அவன் கை பாதியில் உறைந்து நிற்கும். நமக்கென்றால் படம் நின்றாலும் குரல் வரும். அவளுக்குப் படம் நின்றால் எல்லாமே நின்றுவிடும். கடைசியில் அவன் என்னிடம் வாயால் சொல்ல, நான் அவளுக்குக் கையால் சொல்வேன். அது அவளுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரியும்.

இன்டர்நெட்டுக்குப் பைபர் லைன் வரப்போகிறது, களப்பின் அடியில் கேபிள் புதைப்பார்கள் என்ற செய்தி வந்ததும் கரையில் ஒரே சத்தம்.

"நங்கூரம் பட்டு அறுந்தா எங்களத்தானே பிடிப்பாங்க?" என்று மீனவர்கள் இறங்குதுறையில் கம்பனி ஆட்களை மறித்தார்கள். என் கணவரும் அவர்களோடு நின்றார். ராத்தா நேராக அவர் முன்னால் போனாள். புருவத்தைத் தேய்த்தாள். பிறகு தன் இரண்டு கண்களையும் தொட்டுக் காட்டினாள். மகனைப் பார்க்க வேண்டுமாம். கொஞ்ச நேரத்தில், கேபிள் போகும் பாதையில் மிதவை கட்டித் தந்தால் நங்கூரத்தை வேறிடத்தில் போடலாம் என்று அவரே மற்றவர்களிடம் கதைக்கத் தொடங்கினார். கம்பனியும் சரி என்றது.

லைன் வீட்டுக்கு வந்த அன்றே ராத்தா மகனை அழைத்தாள். நான் அவள் பின்னால் நின்றேன். படம் உடையவில்லை, அவனுடைய தாடி மயிர் கூடத் தெரிந்தது. ஒரு கையில் போனைப் பிடித்தபடி, வழக்கம்போல இடக்கையால் கதைத்தான். அவள் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, போனை எங்காவது வைத்துவிட்டு இரண்டு கையாலும் கதை என்றாள்.

அவன் சிரித்து மழுப்பினான். அவள் திரும்பவும் கேட்டாள். பிறகு போனைச் சாய்த்து வைத்துவிட்டு வலக்கையைத் தூக்கினான். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மெஷினில் போயிருக்கிறது. காயம் ஆறி எவ்வளவோ நாளாகிவிட்டது. எனக்கும் அவன் சொல்லியிருக்கவில்லை.

"சாச்சி, எனக்கு ஒண்டுமில்லண்டு உம்மாவுக்கு நீங்க செல்லுங்களே!" என்று தன் சின்னம்மாவான என்னைச் சொல்லச் சொல்லிக் கத்தினான்.

"நீயே செல்லு மகன். இப்ப தெளிவாத்தானே தெரியுது" என்றேன்.

ராத்தா அழவில்லை. கையைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலித்ததா, யார் சோறு ஊட்டியது என்று கேட்டாள். அறைக் கூட்டாளி என்றான் அவன். அவள் அழுதது போனை வைத்த பிறகுதான்.

அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மங்கலாகத் தெரிந்த காலத்தில் அவள் நிம்மதியாக இருந்தாளா? இல்லை, வேறு விதமாகப் பயந்துகொண்டிருந்தாள். இந்தப் பயத்துக்காவது ஒரு முகம் இருக்கிறது.

வீட்டுக்கு வா என்று அவள் கெஞ்சியும் அவன் வரவில்லை. அங்கேயே ஸ்டோரில் வேலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விரலால் சொல்ல முடியாதவற்றுக்கு இருவரும் புதுச் சைகைகள் உண்டாக்கிவிட்டார்கள். அவற்றில் சில எனக்கே விளங்குவதில்லை.

போன கிழமை அவனுடைய கல்யாணக் கதையில் இருவருக்கும் சண்டை. அவன் ஏதோ மறுத்துச் சொல்ல, ராத்தா போனை மேசையில் முகம் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"சாச்சி! போனத் திருப்புங்க, சாச்சி!" என்று போனுக்குள்ளிருந்து அவன் சத்தம் வந்தது. ராத்தா என்னைப் பார்த்து, தொடாதே என்று தலையசைத்தாள். நான் மீன் கழுவப் போய்விட்டேன்.