விட்டபடி

மேற்குத் தாம்பரம் பஞ்சர் கடைக்காரரிடம் ஸ்கூட்டர் டயருக்குக் காற்று இருபத்தெட்டு போதும் என்றேன். முப்பத்தைந்து ஏற்றினார். "இருக்கட்டும் சார், ஸ்பீடா போவும்." நான் போவதோ மருந்துக் கடைக்கு. ஆனால் கம்ப்ரசர் காற்றின் அந்த வாசனை, எண்ணெயும் ரப்பரும் ஈரமும் கலந்தது, என்னைப் பேசவிடவில்லை. படப்பைக்கு அப்பால் ஒரு சாய ஆலையில் பல வருடம் அந்தக் காற்றோடுதான் குடித்தனம் நடத்தினேன். அங்கேயும் ஒருவன் வேகத்துக்காகத்தான் ஏற்றினான்.

சபாபதி. எனக்குக் கீழே வேலை பார்த்த டெக்னீஷியன். மேலே கீழே எல்லாம் ஆலை வாசலோடு சரி. தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறினால், எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்துக்கொண்டு, "மச்சான், இங்க வா!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்துவான். பட்டதாரிக்கு உரிய முறைப்போடு போய் உட்காருவேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நீராவிக் குழாயில் ஒரு வால்வு. அதன் தலைமேல் பொசிஷனர் என்று ஒரு பெட்டி. வால்வு சொன்ன அளவுக்குத் திறந்ததா என்று பார்த்து, காற்றைக் கூட்டிக் குறைத்து அதை அங்கேயே நிறுத்தும். அதை எத்தனை வேகமாகச் செய்யலாம் என்பதற்கு ஓர் எண், கெயின். குறைத்து வைத்தால் வால்வு சோம்பும். கூட்டி வைத்தால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி, நாளெல்லாம் ஆடும். என் மேலதிகாரிகள் சிலரும் அப்படித்தான்.

எண்ணை மாற்றினால் வால்வில் தொங்கும் கார்டில் எழுத வேண்டும். பழைய எண்ணுக்கு 'இருந்தபடி' என்று ஒரு கட்டம், புதிய எண்ணுக்கு 'விட்டபடி' என்று ஒரு கட்டம், பிறகு தேதி, என் கையெழுத்து. எண் எழுதாத கார்டில் கையெழுத்திடுவது குற்றம் என்ற விதியை எழுதியவன் நானே. அதற்கு வகுப்பு வேறு எடுத்தேன்.

என் தங்கை கல்யாணத்துக்கு நான் லீவு போட்ட வாரத்தில் வாடிக்கையாளர்கள் ஆலை பார்க்க வருவதாக இருந்தது. "கார்டுல கையெழுத்து மட்டும் போட்டுக் குடு மச்சான், நம்பர நான் ரொப்பிக்கிறேன். கல்யாண வூட்ல குந்திக்கினு வால்வ பத்தியா யோசிப்ப?" என்றான் சபாபதி. ஆறு கார்டில் போட்டேன்.

திரும்பி வந்தபோது மூன்றாம் வால்விலிருந்து நீராவி பீறிட்டுக்கொண்டிருந்தது. ஆடி ஆடி, நீராவி கசியாமல் அடைக்கும் பேக்கிங் தேய்ந்து, ஒரு தொட்டிச் சாயம் பாழ். கார்டில் இருந்தபடி ஒன்றரை, விட்டபடி ஆறு. வந்தவர்கள் முன்னால் வால்வு துள்ள வேண்டும் என்று ஏற்றியிருக்கிறான். அதைக்கூட மன்னித்திருப்பேன். தேதியைப் பார்த்தேன். நான் லீவில் போவதற்கு முந்தின நாள்.

விசாரணையில் மேனேஜர் கார்டை நீட்டினார். "உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம் சார்."

வெற்றுக் கார்டில் போட்டேன் என்றால் என் விதியே என்னைப் பிடிக்கும். அதையும் சபாபதி ஒத்துக்கொண்டால்தான் நம்புவார்கள். எதிரே இருந்தவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னை ஸ்டோர்சுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை வால்வைத் தொடவிடவில்லை.

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்காகக் காலியாக இருந்தது. "நீ படிச்சவன் மச்சான், சமாளிச்சிக்குவ. எனக்கு வேலயே பூடும்."

"தேதிய ஏன்டா மாத்தின?"

"நீ ஊர்ல இல்லாத நாள்ல உன் கையெழுத்து எப்டி இருக்கும்? யாரும் ஒத்துக்க மாட்டாங்கல்ல?" என்றான், வகுப்பில் நான் விளக்கும் அதே பொறுமையோடு.

தாம்பரம்வரை நின்றுகொண்டே வந்தேன்.

இன்று வீட்டு வாசலில் குனிந்து, சக்கரத்தின் வால்வை நகத்தால் அழுத்தி இருபத்தெட்டுக்கு இறக்கினேன். ஆலை இருந்த இடத்தில் அடுக்குமாடி. இப்போது பொசிஷனர் தன் எண்ணைத் தானே கண்டுபிடித்து, நேரத்தையும் தானே பதிந்துகொள்கிறதாம். கார்டு இல்லை, அந்த பஸ் இல்லை, என்னை மச்சான் என்று கூப்பிட ஆளில்லை. மீதி ஐந்து கார்டுகளை அவன் திருப்பித் தரவேயில்லை. எங்கேயாவது கிடக்கும், எண் போடாமல், தேதி போடாமல், என் கையெழுத்தோடு.