வெள்ளிக்கிழமை வண்டியில் வந்த ஆட்டம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையும் கூப்பிட்ட குரலுக்கு வராது. கடைக்குப் போ, தண்ணி பிடி, கோழியை அடை என்று அம்மாக்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். யார் காதில் விழும்? அத்தனை பேரும் தெருமுனையில் நிற்போம். மெட்ராசுக்குப் பீங்கான் சரக்கு ஏற்றிப்போன டெம்போ வெள்ளிக்கிழமைதான் திரும்பும். அதை ஓட்டிய மாமாவின் வீடு எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. உறவில்லை, தெருவுக்கே அவர் மாமா. வண்டி நின்று அவர் கால் தரையில் படுவதற்குள் கேள்வி பறக்கும்.

“மாமா, இந்த வாரம் என்னா ஆட்டம்?”

“மொதல்ல ஒரு சொம்புத் தண்ணி குடுங்கடா. வந்துட்டானுவோ.”

தண்ணீர் குடித்து, முகம் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டு, ஒரு பீடியும் பற்றவைத்துவிட்டுத்தான் வண்டியின் பின்னால் போவார். எங்களை அழவிடுவதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். காலிப் பெட்டிகளுக்கு நடுவே கையை விட்டு, ஒரு வைக்கோல் உருண்டையை எடுப்பார். பிரித்தால் உள்ளே நியூஸ் பேப்பர், அதற்குள் பிளாஸ்டிக் டப்பி, அதற்குள் கேசட். தீப்பெட்டியைக் கொஞ்சம் அகலமாக அடித்த மாதிரி இருக்கும். அது எங்கே உடையப்போகிறது? ஆனால் பீங்கான் செய்து பிழைக்கிற எங்கள் ஊர்க்காரருக்கு வைக்கோல் சுற்றாமல் ஒரு பொருளை வண்டியில் ஏற்ற மனசு வராது.

ஆட்டம் என்றால் வீடியோ கேம். சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியம்மா மகன் லீவில் வந்தபோது என் அண்ணனுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார். கைக்கு அடக்கமாக, சாம்பல் நிறத்தில், பச்சைக் கண்ணாடி வைத்தது. பின்பக்கம் கேசட்டைச் செருகிப் பொத்தானைத் தட்டினால் கண்ணாடிக்குள் கறுப்புக் கறுப்பாக உருவங்கள் ஓடும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தெருவில் பாதி வீட்டில் டி.வி.யே கிடையாது. எங்கள் வீட்டிலும் இல்லை. ஆனால் கையில் பிடித்து ஆடுகிற பெட்டி இருந்தது. எனக்கு இருந்த திமிரைக் கேட்காதீர்கள், தரையில் கால் பாவவில்லை.

கண்ணாடிக்கு உள்ளே விளக்கு கிடையாது. வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். அதனால் எங்கள் வீட்டுப் பின்கட்டுப் படிதான் ஆடுகளம். பேட்டரி தீர்ந்தால் புதிதாக வாங்க வீட்டில் கேட்க முடியாது. அம்மா வடகம் காயவைக்கும் முறத்தில் ஓரமாக பேட்டரியையும் வைத்துவிடுவோம். வெயில் பட்டால் இன்னும் கொஞ்ச நேரம் உயிர் பிழைக்கும். ஒருமுறை அம்மா அதையும் சேர்த்து வடகத்தோடு டின்னில் கொட்டி வைத்துவிட்டு, தெரு முழுக்கத் தேடவிட்டார்.

சிங்கப்பூரிலிருந்து வந்தது ஒரே ஒரு கேசட். அது சலித்துப்போனபோது, மாமாதான் பாரிமுனையில் ஒரு கடையைக் கண்டுபிடித்தார். பழையதைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் கடைக்காரர் ‘இந்த வாரம்தான் வந்தது’ என்று சத்தியம் செய்வாராம். எந்த நாட்டில் எந்த வருஷம் வந்ததோ! எங்களுக்கு அது அந்த வாரம்தான் வந்தது. ஒரு வாரம் கார், ஒரு வாரம் கப்பல், ஒரு வாரம் பூதங்களைச் சுடுகிற ஆட்டம். அண்ணன் ஆடுவான், நாங்கள் அவன் தோளில் தொங்கிக்கொண்டு வாயில் ஈ போவது தெரியாமல் பார்ப்போம். அவனாகப் பார்த்துக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு தரம். தங்கை என்ற சலுகையில் எனக்கு இரண்டு தரம் கிடைக்கும். அதற்காக அவன் துணியெல்லாம் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் அண்ணன் பிளஸ் டூவில் தோற்றான். கணக்கு போய்விட்டது. அப்பா பீங்கான் கம்பெனியில் பேக்கிங் பார்த்தார். கம்பெனி முழுக்க ‘எம்மவன் இஞ்சினீருக்குப் படிக்கப் போறான்’ என்று சொல்லிவைத்திருந்தார். ரிசல்ட் அன்றைக்கு, விஷயத்தைச் சொல்ல அண்ணன் கம்பெனி வாசலுக்கே போயிருக்கிறான். டீ குடிக்கிற நேரம். எல்லோரும் வெளியே நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அப்பா கையை ஓங்கி ஒன்று விட்டார். மாமா அங்கேதான் இருந்தார், அவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அண்ணன் அழவில்லையாம். திரும்பி நடந்து வீட்டுக்கு வந்தான். அன்றிலிருந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இவராவது இறங்கி வந்தாரா? அதுவும் இல்லை. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது நான்.

“பாப்பா, சைக்கிள உள்ள வுடச் சொல்லு. மழ வருது” என்பார் அப்பா என்னிடம்.

அவன் அங்கேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பான்.

“பாப்பா, வுட்டாச்சுன்னு சொல்லு.”

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “நான் என்னா போஸ்ட் ஆபீசா? ரெண்டு பேருக்கும் வாய் அவிஞ்சா போச்சு?” என்று கத்திவிட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். எனக்குத்தான் குட்டு, அவர்களுக்கு ஒன்றுமில்லை. நியாயத்தைப் பாருங்கள்.

அண்ணன் அந்தப் பெட்டிக்குள்ளேயே குடியிருந்தான். அப்பா வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தலை குனிந்தபடி ஆடுவான். அப்பா அதற்கு வைத்த பேர் சனியன்.

பிறகு மாமாவே ஒரு ஏற்பாடு செய்தார். மெட்ராசில் பாத்திரக்கடை ஒன்றின் குடோனில் ஆள் வேண்டுமாம், தங்க இடமும் உண்டாம். அண்ணன் உடனே சரி என்றுவிட்டான். புதன்கிழமை சரக்கு வண்டியிலேயே போவதாக முடிவானது. அப்பா என்னிடம் “போகட்டும், போயி ஒலகத்தப் பாக்கட்டும்” என்றார். அம்மாவுக்குத்தான் தூக்கம் போயிற்று.

“ஒரு வார்த்த பேசாம போயிட்டான்னா, அப்புறம் அவ்ளோதாண்டி. அச்சுல ஊத்தன மாவு மாதிரி அப்பிடியே எறுகிடும். பேசவே மாட்டாங்க.”

அம்மா அதே கம்பெனியில் அச்சு ஊற்றும் பிரிவில் இருந்தார். இறுகுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். நான் ‘அதெல்லாம் பேசிடுவாங்கம்மா’ என்று சொன்னேனே தவிர, எனக்கும் பயம்தான். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். ஒருத்தர் சார்பாக இன்னொருத்தர் மேல் கோபப்படக்கூட எனக்கு வரவில்லை.

அண்ணன் ஊரில் இருக்கப்போகும் கடைசி வெள்ளிக்கிழமை, மாமா வழக்கம்போல் எங்களைக் காக்கவைத்துவிட்டு வைக்கோல் உருண்டையை எடுத்தார். கூட்டமே பின்கட்டுக்கு ஓடியது. அண்ணன் கேசட்டைச் செருகினான். கார் இல்லை, கப்பல் இல்லை, சுட ஒரு பூதமும் இல்லை. மேலேயிருந்து கட்டைகள் விழுந்தன, அவ்வளவுதான். நீளமாக ஒன்று, சதுரமாக ஒன்று, கொக்கி மாதிரி ஒன்று. விழுவதற்குள் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை முழுசாக நிறைந்தால் அது கரைந்துபோகும். சந்து விட்டால் கரையாது, மேலே மேலே ஏறி முகடு தொட்டதும் ஆட்டம் முடிந்துவிடும்.

“என்னா மாமா, இதுக்கா மெட்ராஸ் போயிட்டு வந்தீங்க? நம்மூர்ல இல்லாத செங்கல்லா?”

“டேய், ஒலகமே இதத்தான் ஆடுதாம்டா! கடக்காரன் அடிச்சி சொல்றான்.”

“அவன் எப்பத்தான் சொல்லல?”

மாமாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பையன்கள் ஒவ்வொருவராக நழுவிக் கோலி ஆடப் போய்விட்டார்கள். அண்ணன் மட்டும் விடாமல் ஆடினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கம்மாபுரத்தில் ஒரு சிநேகிதனிடம் சொல்லிக்கொண்டு வரச் சைக்கிளில் போனான். தெருப்பிள்ளைகளும் வரவில்லை, பெட்டி மாடத்தில் சும்மா கிடந்தது. அப்பாவுக்கு லீவு. சாப்பிட்டு எழுந்தவர் பின்கட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார்.

“பாப்பா, அந்த சனியனக் கொண்டா. அப்பிடி என்னாதான் இருக்குதுன்னு பாக்கறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடுத்தேன். இன்னும் சூளையில் சுடாத கப்பைப் பிடிப்பதுபோல் விரல் நுனியால் பிடித்துக்கொண்டார். எந்தப் பொத்தான் எதற்கு என்று சொன்னேன். முதல் கட்டையை இடது மூலையில் அழகாக இறக்கினார். பரவாயில்லையே என்று நினைத்தேன். அடுத்த கட்டையை ஒரு கட்டம் தள்ளி வைத்தார். அதற்கடுத்ததை இன்னொரு கட்டம் தள்ளி.

“ஏம்பா சந்து வுடற?”

“பின்ன? ஒண்ணோட ஒண்ணு முட்டாதா?”

“முட்டணும்பா! அதான் ஆட்டமே.”

“போடி. முட்ட வச்சா உளுந்தூர்பேட்ட தாண்டறதுக்குள்ள தூளாயிடும்.”

“இது கப்பு இல்லப்பா!”

“எதுவா இருந்தா என்னா, பொட்டி பொட்டிதான? வைக்கோலு எங்கடி வெக்கிறது?”

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. தப்பு அவர்மேல் இல்லை. கப்புக்கும் கப்புக்கும் நடுவே ஒரு பிடி வைக்கோல் என்று வாழ்நாள் முழுக்கப் பெட்டி கட்டிய கை அது. அவர் கட்டிய பெட்டியில் ஒரு பொம்மையின் காது உடைந்தது என்று யாரும் சொன்னதில்லை. அந்தக் கையால் இரண்டு பொருளை முட்டவைக்க முடியவில்லை. மனசு சொன்னாலும் விரல் கேட்கவில்லை. தோற்றார், மறுபடி ஆடினார், மறுபடி தோற்றார்.

“வுடேம்பா, ஒனக்கு வராது.”

“இரு. பொதங்கெழம அவன் போயிடுவான். அதுக்குள்ள இதுல என்னா இருக்குதுன்னு தெரிஞ்சிக்கிறேன்.”

என் சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணன் எப்போது வந்தான் என்று தெரியாது. கால் கழுவ வீட்டோரச் சந்து வழியாகப் பின்கட்டுக்கு வந்தவன், அப்பாவின் கையில் பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். நான் பார்த்தேன், அப்பா பார்க்கவில்லை. அவன் முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கண்ணாடியைப் பார்த்தான். அப்பா சந்து சந்தாக விட்டு அடுக்குவதைப் பார்த்தான். அவன் விரல்கள் காற்றிலேயே பொத்தானை அமுக்க ஆரம்பித்தன. ஆடத் தெரிந்தவனுக்கு அடுத்தவன் தப்பாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப்போல் கொடுமை வேறு கிடையாது. நீளக் கட்டை ஒன்று மேலேயிருந்து இறங்கியது. அதற்கென்றே செய்ததுபோல் ஒரு சந்து காத்திருந்தது. அப்பா கட்டையை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“அய்யோ, அங்க இல்லப்பா! சந்துல எறக்கு!”

சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போய் நின்றான். உள்ளே அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“சந்துல வுட்டா முட்டுமேடா.”

“முட்டட்டும். ஒண்ணும் ஒடையாது. முட்டினாதான் வரிசை கரையும்.”

“அப்பிடியா?”

“ஆமாம்பா. இன்னொரு தரம் போடு.”

அவன் வந்து அப்பாவின் பக்கத்தில் குந்தினான். அப்பா முதலிலிருந்து தொடங்கினார். திருப்பு, இன்னும் ஒரு தரம் திருப்பு, இடது, இப்ப வுடு என்று அவன் சொல்லச் சொல்ல, அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டி ஒட்டி அடுக்கினார். அடியில் ஒரு வரிசை நிறைந்து மினுக்கிக் கரைந்தது. “அட!” என்றார் அப்பா. அவர் குரலில் அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா கை ஈரத்தோடு வாசற்படியில் வந்து நின்றார். நான் உதட்டில் விரலை வைத்து அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

கட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே அப்பா சொன்னார்:

“அன்னிக்கு அத்தன பேரு முன்னாடி ஒன்ன அடிச்சிருக்கக் கூடாதுடா. தப்புதான்.”

அண்ணன் கண்ணாடிப் பக்கம் இன்னும் குனிந்து, “கட்ட வருது பாருப்பா, திருப்பு” என்றான்.

அப்பா திருப்பினார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இரண்டு கையும் பெட்டியில் இருந்ததால் துடைக்க முடியவில்லை, ஆட்டத்தை விடவும் மனசில்லை. நான்தான் முன்னால் போய்த் தாவணி முனையால் துடைத்துவிட்டேன்.

“தள்ளுடி, மறைக்குது” என்றார்கள் இரண்டு பேரும்.