ஏழரை எச்.பி. மோட்டார்

செஞ்சி வட்டாரத்தில் மோட்டார் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இது பச்சைப் பொய். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். செஞ்சியில் ஒரு பாயின் மோட்டார் காயில் கட்டும் கடையில் ஓசி டீ குடித்தபடி உட்கார்ந்திருந்ததுதான் என் படிப்பு.

எண்பதுகளில் ஒரு கோடை. தொண்டூரில் அக்கா வீட்டு வேர்க்கடலையில் பூ உதிர்ந்து மண்ணுக்குள் விழுது இறங்கும் நேரம். அப்போது மண் காய்ந்தால் காய் பிடிக்காது. மாமாவின் மூணு எச்.பி. மோட்டார், கிணறு ஊற ஊற மெதுவாக இறைத்துக்கொண்டிருந்தது.

"இன்னா மாமா, இது மோட்டாரா, மூத்திரம் போற கெழவனா? பாய் கடையில ஏழரை எச்.பி. கெடக்குது. போட்டா ஒரே நாள்ல கழனி பூரா பாஞ்சிடும்."

மாமா தயங்கினார். அக்காதான், "எந்தம்பி டவுன்ல சுத்துறவன், தெரியாமயா சொல்லுவான்?" என்றாள்.

பழையதைப் பாயிடம் கொடுத்துவிட்டு ஏழரையைக் கொண்டுவந்து மாட்டினோம். தண்ணீர் சீறியதில் வாய்க்கால் கரையே உடைந்தது. மீசையை முறுக்கிக்கொண்டேன். "நான் பாத்துக்கறேன், நீங்க போய் சாப்டுங்க மாமா" என்று அவரை அனுப்பிவிட்டு வேப்பமரத்தடியில் சாய்ந்தேன்.

தீய்ந்த நாற்றத்தில்தான் விழித்தேன். கிணறு காலி. வெறும் காற்றை இறைத்து இறைத்து மோட்டார் கருகியிருந்தது. கடலையில் கால்வாசிகூட நனையவில்லை.

அக்கா ஓடிவந்தாள், பின்னாலேயே மாமாவும். "இன்னாடா ஆச்சு?"

"மாமாதாங்க்கா... நிறுத்தாம சாப்ட வந்துட்டாரு."

கேட்ட மாத்திரத்தில் அவள் மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "வயிறுதான் பெருசா ஒனக்கு?" மாமா என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்த்தார். நான் வேப்பங்காயை எண்ணுவதுபோல மரத்தைப் பார்த்தேன்.

மறுநாள் பாய், கருகிய காயிலை மோந்துவிட்டுக் கேட்டார்: "ராஜகிரி மேல ஓடி ஏறினாலும், ஒக்காந்து ஒக்காந்து ஏறினாலும் மலை அதே ஒசரந்தான? ஏறி முடிக்க ஆவுற தெம்பும் ஒண்ணுதான். எவ்ளோ வெரசா ஏறறேங்கறதுதான்யா எச்.பி. அது பெருசானா கெணத்துல தண்ணியும் பெருசாவுமா?"

வேகத்தைத் தண்ணீர் என்று நினைத்திருக்கிறேன். ஊறுவதற்குள் இறைத்துத் தீர்த்த புத்திசாலி!

காயில் கட்டி முடியும்வரை அக்கா ஊறிய தண்ணீரைக் குடம் குடமாகச் சேந்தி, கடலைக்குச் சால் சாலாக ஊற்றினாள். அப்படியும் அந்த வருஷம் பாதிக்கு மேல் பருப்பில்லாத பொக்குதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் நிமிரும்போதெல்லாம் மாமாவைத்தான் திட்டினாள். அவரும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் கூடவே குடம் தூக்கினார்.

குடம் தூக்கத் தொடங்கிய நாலாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று போனேன். அவள் கையிலிருந்த குடத்தை வாங்கி, "அக்கா, அன்னிக்கு மாமா இல்லக்கா..." என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பி...

இருங்கள், இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மாமா கூப்பிடுகிறார்.

"டேய் மச்சான், மேல தொட்டி ரொம்பி வழியுது. இன்னிக்காச்சும் போய் மோட்டார நிறுத்துடா!"