ஸ்பிரிட் விளக்கடியில் வாய் திறந்த மனிதர்

கணபதிப்பிள்ளை அண்ணை டொக்டரின் அறையிலிருந்து விறுவிறு என்று வெளியே வந்தார். பின்னால் அவருடைய மனைவியின் தம்பி.

"கால் புண்ணைக் காட்ட வந்தவனிட்டைக் கேக்கிற கேள்வியே இது? வாரும் போவம்!"

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் அற்றென்டன், டொக்டருக்குக் கையுதவி. டொக்டர் புதியவர், நல்ல மனிதர். முகம் வாடிப்போய் இருந்தார்.

"புண் ஆறுதில்லை. சலரோகத்துக்குத் தந்த குளிசையைக் குடிக்கிறன் எண்டு சொல்லுறார், சீனி குறையேல்லை. வேற கரைச்சல் இருக்கோ எண்டு பாக்க, குடும்ப வாழ்க்கை எப்பிடி எண்டு கேட்டனான். அது பிழையோ?"

"கேள்வி சரி ஐயா. மனிசியின்ர தம்பிக்கு முன்னால ராசாவும் வாய் திறக்கான்."

எங்கள் பக்கத்தில் ஆம்பிளை ஆஸ்பத்திரிக்குத் தனியே வரமாட்டான். மச்சானோ சகலனோ கூடவே பஸ் ஏறுவான். ஆனால் சிறுநீர்ப் போத்திலோடு போகிறவனுக்குப் பின்னால் ஒருவனும் போகான். பஸ்ஸடிக்கு ஓடினேன்.

"அண்ணை, சீனி இன்னொருக்காப் பாக்கவேணும். தம்பி, நீர் தேத்தண்ணி குடிச்சிட்டு நில்லும்."

சிறுநீர் சோதிக்கும் அறை ஒரு கோழிக்கூடு அளவுதான். குழாயில் நீல மருந்தோடு சிறுநீரைச் சேர்த்து ஸ்பிரிட் விளக்கில் பிடித்தேன். நீலம் மாறாவிட்டால் சுகம். பச்சையானால் சீனி கொஞ்சம். செங்கல் நிறமானால் சீனி ஏறிவிட்டது. டொக்டரும் வந்து ஒரு பெட்டிமேல் குந்தினார். மூன்று பேரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது செங்கல் நிறமானது.

டொக்டர் மெல்லச் சொன்னார். "சலரோகம் வந்த கன ஆம்பிளையளுக்கு குடும்ப வாழ்க்கையில அந்த இயக்கம் தளர்ந்து போகும். அந்த நோயின்ர வேலை அது. உங்களுக்கும் அப்பிடியோ?"

அண்ணை நெருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்கட குளிசை என்ர விதைநெல்லை அவிச்சுப்போட்டுது ஐயா. அதுதான் விட்டுட்டன். மாரி தொடங்கினதிலயிருந்து வயல் கொட்டிலிலதான் படுக்கை. யானைக் காவல் எண்டு வீட்டில சொல்லியிருக்கிறன்."

"அவா நம்பிறாவோ?"

"வேற ஒருத்தி இருக்கிறாள் எண்டு நினைக்கிறா. நினைக்கட்டும். இதைவிட அது மரியாதை."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். டொக்டர் சிரிக்கவில்லை.

"அவிச்சது குளிசை இல்லை, சீனி. குளிசையை விட்டா காலும் போகும். குடிச்சா மற்றது திரும்பும் எண்டு பொய் சொல்லமாட்டன். சிலருக்குத் திரும்பும், சிலருக்கு இல்லை. காலைக் காப்பாத்தலாம்."

"அப்ப அவவுக்கு ஆர் சொல்லுறது?"

"நீங்கள்தான்."

"முகம் பாத்துச் சொல்ல ஏலாது ஐயா."

"அவா சமைக்கேக்க பக்கத்தில குந்தி, அடுப்பைப் பாத்துச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.

அடுத்த கிளினிக்குக்கு மச்சான் வரவில்லை, மனைவி வந்தார். குழாயில் பச்சை. புண்ணின் ஓரம் காய்ந்திருந்தது. அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கொட்டிலுக்கு ஆள் விட்டுப் பாத்தனான் தம்பி. ஒருத்தியுமில்லை, யானைதான் நிண்டுதாம். இந்த மனிசன் அப்பவே வாயைத் திறந்திருந்தா நான் ஏன் மாரி முழுக்க அழுதிருப்பன்?"

"இதையும் இவனுக்குச் சொல்லுறியோ?" என்று அண்ணை முணுமுணுத்தார். ஆனால் குளிசைப் பொட்டலத்தை வாங்கி மனைவியிடம்தான் கொடுத்தார்.

அதற்குப் பிறகு டொக்டர் அந்தக் கேள்வியைத் தன் அறையில் கேட்டதே இல்லை. கிளினிக் நாளில் என் பக்கம் வந்து பெட்டியில் குந்திவிடுவார். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மருந்தை விட்டவனை ஏசாதீர்கள். எதைக் காப்பாற்ற விட்டான் என்று கேளுங்கள். கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்காதீர்கள்.